ஹாலோவீனுக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறோம். எட்டு வயது மகன் அக்டோபர் 31 அன்று வேடமிட்டு, வீடுவீடாகப் போய் இனிப்பு வாங்க ஆசைப்படுகிறான். அது 'சாம்ஹைன்' என்ற மரண தேவனுக்குப் பலியிடும் நாள் என்று மாமியார் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இனிப்பில் விஷம் இருக்குமோ என்ற பயமும் உண்டு.

பதில்: தாராளமாக அனுப்புங்கள். சாம்ஹைன் என்று எழுதி 'சௌவின்' என்று ஐரிஷ்காரர்கள் உச்சரிக்கும் அச்சொல் எந்தத் தேவனின் பெயரும் அன்று. கோடை கழிந்து குளிர்காலம் பிறக்கும் நாளின் பெயர், இன்றைய ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்தின் பெயரும் அதுவே. அதை மரண தேவனாக்கியவர், 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பழமையைப் பற்றித் தம் மனம்போல் எழுதிய சார்லஸ் வாலன்சி என்ற ராணுவப் பொறியாளர். அந்தப் பிழையைத்தான் இன்று உங்கள் மாமியாரின் கைப்பேசி சுமந்து திரிகிறது.

ஹாலோவீன் என்ற பெயர் கிறிஸ்தவப் பெயர். நவம்பர் 1 அன்று வரும் அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முந்தைய மாலை என்பதே அதன் பொருள். மறுநாள், நவம்பர் 2, நம்மூர்க் கத்தோலிக்கர்கள் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போகும் கல்லறைத் திருநாள். இங்கிலாந்தில் இந்நாட்களில் ஏழைகள் வீடுவீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தோருக்காக மன்றாடுவதாகச் சொல்லிச் சிறிய அப்பங்களைப் பெற்றார்கள். இன்று ஹாலோவீனுக்குப் பூசணியில் முகம் குடைந்து விளக்கேற்றுகிறார்கள் அல்லவா, அயர்லாந்தில் அந்த விளக்குக்காகக் குடைந்தது டர்னிப் கிழங்கை. அந்நாட்டின் டொனெகல் பகுதியில் செய்த ஒரு விளக்கின் வார்ப்பு, அங்கேயே மேயோ பகுதியிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழிவிழுந்த கண்களும் துருத்திய பற்களுமாக, பூசணியைவிட அதுதான் பயமுறுத்துகிறது. குடியேறியவர்களுக்கு அமெரிக்காவில் பூசணி பெரிதாகவும் குடைய எளிதாகவும் வாய்த்தது. ஆகவே, 'ஈராயிரம் ஆண்டுப் பழஞ்சடங்கு' என்று சொல்லிப் பேய் உலாவுக்குச் சீட்டு விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். வாசலில் நின்று இனிப்புக் கேட்கும் இன்றைய வழக்கம் வட அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது.

விஷத்துக்கு வருவோம். முன்பின் தெரியாதவர் தந்த ஹாலோவீன் இனிப்பால் குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு நிகழ்வுகூடக் கிடைக்கவில்லை என்பதை, 1958 முதலான செய்திகளைத் தேடிய சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் காட்டியிருக்கிறார். எல்லோரும் சுட்டுவது 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த இனிப்புத் தூளால் இறந்ததை. ஆனால் அதைக் கொடுத்தவர் அந்நியர் அல்லர், காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய தந்தை. பழி வேறு யார்மீதாவது விழட்டும் என்று மேலும் நான்கு குழந்தைகளுக்கும் கொடுத்திருந்தார், நல்லவேளையாக அவர்கள் உண்ணவில்லை. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. இத்தனைக்குப் பிறகும் ஆண்டுதோறும் 'இனிப்பைப் பரிசோதியுங்கள்' என்று சுற்றறிக்கை விடுபவர்கள், இருட்டில் சாலையைக் கடக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். அன்றிரவின் உண்மையான ஆபத்து வாகனங்களே. கறுப்பு வேடம் வேண்டாம். கையில் டார்ச் கொடுத்து நீங்களும் கூடவே போங்கள், வாசல் விளக்கு அணைந்திருக்கும் வீட்டின் கதவைத் தட்ட வேண்டாம்.