24 கதவுகள், 24 பொட்டலங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பிளாஸ்டிக் கட்டைப் பொம்மைகள் செய்யும் லெகோ நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் நாட்காட்டியைப் பற்றியவை. டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு அட்டைக் கதவைத் திறந்தால், உள்ளே ஒரு சின்னப் பொம்மைக்கான துண்டுகளோ ஒரு குட்டி மனிதரோ இருக்கும். அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறோம்.

கேள்வி: கோயிலில் திருவருகைக் காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்கள்) ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. இந்தப் பெட்டி மட்டும் ஏன் டிசம்பர் 1இல் தொடங்கி 24இல் முடிகிறது? (வாசகி, டொரண்டோ)

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கும். அச்சடித்து விற்பவருக்கு அது கட்டுப்படியாகாது. டிசம்பர் 1 என்று வைத்துக்கொண்டால் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். 24இல் முடிவதற்குக் காரணம், ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் பரிசுகளைப் பிரிப்பது 24ஆம் தேதி மாலையில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூனிக் நகர அச்சகக்காரர் கெர்ஹார்ட் லாங் இப்படி நாள் எண்ணும் நாட்காட்டியை வணிகப் பொருளாக்கினார். டென்மார்க்கில் 24 குட்டிப் பரிசுகளைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. லெகோவின் ஊரான பில்லுண்ட் இருப்பது அங்கேதான். அவர்களுடைய முதல் நாட்காட்டி 1998இல் வந்தது, பெட்டி எண் 1298.

கேள்வி: சேகரிக்கத் தொடங்க ஆசை. எந்த வரிசையிலிருந்து தொடங்கலாம்? (வாசகர், லண்டன்)

ஒரே வரிசையை, அதாவது ஒரே கருப்பொருளில் வரும் பெட்டிகளை மட்டும், பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வாங்கப் போனால் இரண்டே ஆண்டில் அலமாரியும் பணமும் தீர்ந்துவிடும். நகர வாழ்க்கையைக் காட்டும் சிட்டி வரிசை 2005இல் 7324 என்ற எண்ணோடு தொடங்கி ஆண்டு தவறாமல் வருகிறது. விண்வெளித் திரைப்படங்களை ஒட்டிய ஸ்டார் வார்ஸ் 2011இல் (7958), ஃப்ரெண்ட்ஸ் 2012இல் (3316), ஹாரி பாட்டர் 2019இல் (75964) தொடங்கின. இவை தவிர ஒரு குட்டி முத்தொகுதி இருக்கிறது: 2008 கோட்டை (7979), 2009 கடற்கொள்ளையர் (6299), 2010 கிங்டம்ஸ் (7952). மூன்றே பெட்டிகளில் முடிந்துவிடும் என்பதால் புதியவருக்கு இதையே சிபாரிசு செய்வோம். ஆனால் பழுப்புத் துண்டுகள் பற்றிக் கீழே சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்டார் வார்ஸில் ஆள் இழுப்பது ஆண்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் வேடதாரி: 2011இல் சாண்டா உடையில் யோடா, 2012இல் டார்த் மால், 2013இல் ஜாங்கோ ஃபெட், 2014இல் டார்த் வேடர். அதே பெட்டிகளில் துப்பாக்கி மாட்டும் தாங்கியும் ஒரு நாள் பரிசாக வந்து எரிச்சலூட்டும். சிட்டியில் இப்படி நட்சத்திரங்கள் கிடையாது. ஆனால் பனிமனிதன், கிறிஸ்துமஸ் மரம், சறுக்குவண்டி என்று வருவதையெல்லாம் சேர்த்தால் சில ஆண்டுகளில் மேசைமேல் ஒரு பனிக்கிராமமே எழும்பிவிடும். எங்கள் ஓட்டு சிட்டிக்கு.

புதுப் பெட்டிகள் செப்டம்பரில் கடைக்கு வரும். தள்ளுபடிக்காக டிசம்பர் வரை காத்திருந்தால் சிட்டி கிடைக்கலாம், ஸ்டார் வார்ஸ் கிடைக்காமலும் போகலாம்.

கேள்வி: இணையத்தில் ஒருவரிடம் “முழுமையானது” என்று வாங்கிய பழைய நாட்காட்டியில் மூன்று நாள் பொம்மைகள் அரைகுறை. அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது? (வாசகர், சூரிச்)

“முழுமையானது” என்பதற்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம். அதனால் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: துண்டுகள் முழுசா, குட்டி மனிதர்கள் முழுசா, பெட்டி இருக்கிறதா. பெட்டியைப் பற்றி ஏன் கேட்க வேண்டும் என்றால், இந்த நாட்காட்டிகளுக்குத் தனி வழிகாட்டிப் புத்தகம் பொதுவாகக் கிடையாது. கட்டும் முறை கதவின் உட்புறத்தில்தான் அச்சாகியிருக்கும். கதவைக் கிழித்து எறிந்தவர் வழிகாட்டியையும் சேர்த்தே எறிந்துவிட்டார்.

பிரிக்லிங்க் என்ற விற்பனைத் தளத்தின் பட்டியலில் ஒரு வசதி உண்டு, பலர் கவனிப்பதில்லை. 7958-1 என்றால் முழு நாட்காட்டி. 7958-2 என்றால் முதல் நாள் பொம்மை மட்டும், 7958-3 இரண்டாம் நாள், அப்படியே 7958-25 வரை போனால் 24ஆம் நாள். பின்னொட்டு நாளைவிட எப்போதும் ஒன்று கூடுதல். இதை மறந்து “-9” என்று கேட்டு ஒன்பதாம் நாளை எதிர்பார்த்தவருக்கு எட்டாம் நாள்தான் வந்து சேரும். உங்களுக்குக் குறைகிற மூன்று நாள்களையும் இப்படியே தனியாகத் தேடி வாங்கலாம். இன்னொரு முழுப் பெட்டி தேவையில்லை.

விற்பவரிடம் 24 பொம்மைகளையும் நாள்வரிசைப்படி பரப்பி ஒரே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குவியலாக எடுத்த படத்தை நம்பவேண்டாம். குட்டி மனிதரை முன்னும் பின்னும் பாருங்கள். உடம்பில் கைக்குக் கீழே பக்கவாட்டில் மயிரிழை விரிசல் இருக்கும், படத்தில் எளிதில் தெரியாது. கையில் இருக்கும் கோப்பை, தொப்பி, முடி ஆகியவைதான் முதலில் தொலையும். 2004க்கு முந்தைய பெட்டி என்றால் சாம்பல் நிறத்தையும் உற்றுப் பாருங்கள். அந்த ஆண்டுவாக்கில் லெகோ சாம்பலையும் பழுப்பையும் மாற்றிவிட்டது. பழைய சாம்பல் கொஞ்சம் மஞ்சள் கலந்தது, புதியது நீலச்சாயல் கொண்டது. இரண்டும் ஒரே பொம்மையில் கலந்திருந்தால், வேறு பெட்டியிலிருந்து எடுத்து இட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

“பிரிக்காதது” என்று விற்றால் கதவுகளின் துளைக்கோட்டைப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் லேசாகப் புடைத்திருந்தாலோ, அடிமடிப்பில் பசை இரண்டு தடங்களாகத் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள்.

கேள்வி: கதவைக் கிழிக்காமல் அடியைத் திறந்து எடுக்கலாமா? (வாசகர், பாரிஸ்)

எடுக்கலாம். ஆனால் உள்தட்டை உருவும்போது பொட்டலங்கள் அறை மாறி விழும், பொட்டலத்தின்மேல் நாள் எண் இருக்கும் என்று நம்பவும் கூடாது. பெட்டியைக் கவிழ்க்காமல் படுக்கையாகவே வைத்து உருவுங்கள். கதவு வழியே எடுப்பதானால் காகிதம் வெட்டும் மெல்லிய கத்தியால் மூன்று பக்கமும் துளைக்கோட்டில் கீறிவிட்டு, நான்காவது பக்கத்தை மடிப்பாக விடுங்கள். விரலால் குத்தினால் மடிப்புதான் முதலில் பிய்யும்.

கேள்வி: மகள் 24 நாளையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டாள். பழையபடி பிரிக்க வழி உண்டா? (வாசகி, சென்னை)

உண்டு, ஒரு மாலை நேரம் போதும். மளிகைக் கடையில் 30 முட்டை அடுக்கும் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 24 குழியில் நாள் எண் எழுதுங்கள். மீதி ஆறு குழி உபரிக்கும் அடையாளம் தெரியாதவற்றுக்கும்.

முதல் நாளிலிருந்து வரிசையாகத் தொடங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நாட்காட்டிக்கு ஏறத்தாழ 150 முதல் 370 துண்டுகள். அவற்றில் ஒரு குமிழ் (மேலே துருத்தும் புடைப்பு) உள்ள வட்டத் தகடு போன்றவை பல நாள்களுக்குப் பொது. அவற்றை முதலிலேயே பங்கிட்டால் 15ஆம் நாளில் நிறம் இடிக்கும், எல்லாவற்றையும் திரும்பக் கலைக்க வேண்டியிருக்கும். ஆகவே முதலில் குட்டி மனிதர்களையும் அவர்களுடைய கைப்பொருள்களையும் எடுத்து வையுங்கள். அடுத்து, ஒரே ஒரு நாளில் மட்டும் வரும் விசித்திரத் துண்டுகள்: சக்கரம், பனிச்சறுக்குக் கட்டை, விலங்கு. பிறகு பெரிய தகடுகள். பொடிசுகள் கடைசியில். எல்லாம் முடிந்தபின் சில பொடிசுகள் மிஞ்சினால் பயப்படாதீர்கள். மிகச் சிறிய துண்டுகளுக்கு நிறுவனமே உபரி ஒன்று போட்டு அனுப்பும்.

பிரித்ததும் 24 ஜிப் பைகளில் போட்டு, பைக்குள்ளேயே எண் எழுதிய சீட்டை வையுங்கள். பைமேல் எழுதினால் அழிந்துவிடும். கழற்ற முடியாமல் ஒட்டிக்கொண்ட தகடுகளுக்கு லெகோவின் ஆரஞ்சு நிறப் பிரிப்பான் இருக்கிறது. பல்லால் கடிக்கவேண்டாம், அந்தப் பல்தடம் ஆயுசுக்கும் போகாது.

கேள்வி: 2009 கடற்கொள்ளையர் பெட்டியில் பழுப்புத் துண்டுகள் தொட்டாலே உடைகின்றன. நான் செய்த தவறா? (வாசகர், சிட்னி)

உங்கள் தவறு இல்லை. அந்தக் காலப் புதுப் பழுப்பு, கரும்பழுப்பு, கருஞ்சிவப்புத் துண்டுகள் நாளடைவில் நொறுங்குவது சேகரிப்பாளர் எல்லாரும் அறிந்தது. குளிரில் இன்னும் மோசமாகும். கழற்றும் முன் துண்டுகளை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள். வளைத்து நெம்பாமல் நேராக மேலே இழுங்கள். ஏற்கெனவே கட்டி முடித்த பொம்மை என்றால் கழற்றாமலே விடுவது உத்தமம். உடைந்ததற்கு ஈடாகப் பின்னாளில் தயாரான அதே நிறத் துண்டை வாங்கிப் போடலாம்.

கேள்வி: வெள்ளைத் துண்டுகள் மஞ்சளாகிவிட்டன. வெளுக்க முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

வெறும் அழுக்கா என்று முதலில் பாருங்கள். 40 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு அலசி, டீ வடிகட்டியில் வடித்து, நிழலில் உலர்த்துங்கள். வெந்நீரில் துண்டு உருக்குலைந்து பிடிப்பு போய்விடும்.

மஞ்சள் அப்படியே இருந்தால் அது வெயிலின் வேலை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை (3 அல்லது 6 சதவீதம்) கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, துண்டுகள் மூழ்கும்படி போட்டு, வெயிலில் நான்கைந்து மணி நேரம் வையுங்கள். துண்டுகள் குமிழி கட்டி மிதக்கும். மணிக்கொரு முறை கிளறி மூழ்கடிக்காவிட்டால் பாதி வெளுத்தும் பாதி வெளுக்காமலும் வரும். பாத்திரத்தை இறுக மூடக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். கையுறை அவசியம். ஒட்டுப்படம், உலோகப்பூச்சு உள்ள துண்டுகளைப் போடாதீர்கள். இவ்வளவு செய்தாலும் சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பி வரலாம்.

கேள்வி: நம் ஊர்ப் புழுக்கத்தில் பெட்டியை எங்கே வைப்பது? (வாசகி, கொழும்பு)

பரணில் மட்டும் வேண்டாம். கூரைச் சூட்டில் பசை விட்டு அட்டை நெளியும். இரும்பு பீரோவின் நடுத்தட்டில், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடிப்பெட்டியின் கதவுகள் உள்ளே அமுங்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவானால் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து நாப்தலீன் உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகாது, வாடையும் அட்டையை விட்டுப் போகாது. பிய்ந்த கதவை ஒட்ட செல்லோடேப்பும் வேண்டாம், பழுத்து வழியும். உட்பக்கம் மெல்லிய காகிதப் பட்டையை மைதாப் பசையில் ஒட்டலாமே என்று கேட்காதீர்கள், பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. அமிலமில்லாத காகித டேப் வாங்குங்கள்.

கேள்வி: விலை கொடுத்து வாங்காமல், இருக்கிற துண்டுகளைக் கொண்டு நானே 24 நாளுக்குச் செய்ய முடியுமா? (வாசகர், கோலாலம்பூர்)

தாராளமாக. 24 தீப்பெட்டிகளை ஆறுக்கு நான்காக ஒட்டினால் அலமாரி தயார். ஒரு நாளுக்கு 6 முதல் 15 துண்டு போதும். உதாரணத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம், கீழிருந்து மேலாக: வெள்ளை 4×4 தகடு (நீளத்தில் 4 குமிழ், அகலத்தில் 4 குமிழ்), பழுப்பு 2×2 வட்டக் கட்டை, பச்சை 4×4 வட்டத் தகடு, பச்சை 2×2 வட்டக் கட்டை, நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள பச்சை 2×2 தகடு, பச்சை 1×1 கூம்பு, உச்சியில் மஞ்சள் 1×1 வட்டத் தகடு. ஏழே துண்டு. கட்டையும் கூம்பும் 9.6 மி.மீ., தகடு 3.2 மி.மீ. என்பதால் மொத்த உயரம், உச்சிக் குமிழை விட்டுவிட்டால், 41.6 மி.மீ. கட்டிய மரம் தீப்பெட்டிக்குள் நிற்காது, ஆகவே கழற்றியே போடுங்கள். 4×4 தகடு 32 மி.மீ. அகலம், சில தீப்பெட்டிகளில் அதுவே நுழையாது. ஒட்டுவதற்கு முன் ஒரு தகட்டைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொன்றையும் கட்டும்போது நாலைந்து படம் எடுத்து, சின்னதாக அச்சிட்டு, பெட்டிக்குள் மடித்து வைக்கவும். துண்டு கைவசம் குறைவாக இருந்தால், இன்று கட்டியதை நாளை கலைத்து வேறொன்று கட்டும்படி அமைக்கலாம். லெகோவே 2016இல் 40222 என்ற எண்ணில் அப்படி ஒன்று வெளியிட்டது: ஒரே தொகுதித் துண்டுகள், 24 பொம்மைகள். வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் அலமாரியை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், 1×1 துண்டு தொண்டையில் சிக்கும்.

கேள்வி: கடையில் வாங்கிய புதுப் பெட்டியிலேயே ஒரு நாள் துண்டு குறைகிறது. கடைக்காரர் கைவிரிக்கிறார். (வாசகர், மதுரை)

பொட்டலத்தின் மூலையை விரித்துப் பாருங்கள். 1×1 துண்டு மின்னேற்றத்தால் உறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அறைத் தட்டின் அடியிலும் தடவுங்கள். அங்கும் இல்லையென்றால் லெகோ வலைத்தளத்தில் விடுபட்ட துண்டு கேட்கும் பகுதி இருக்கிறது. பெட்டியில் உள்ள தொகுதி எண்ணைக் கொடுத்தால் துண்டுகளின் படப்பட்டியல் வரும், அதில் தேர்ந்தெடுங்கள். அதற்காகவே, 24ஆம் பொம்மையைக் கட்டி முடிக்கும் வரை பெட்டியைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள்.