'லீட் டைம்' என்றால் என்ன? அன்றாட ஆங்கிலத்தில் அதை எப்படிப் பயன்படுத்துவது?

கேட்டவர் அநேகமாக வேலைக்குப் புதுசு. யாரோ மெயிலில் 'வாட் இஸ் யுவர் லீட் டைம்?' என்று கேட்டிருப்பார்கள். பக்கத்து சீட்டில் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும், இங்கே வந்துவிட்டீர்கள். பரவாயில்லை. நான் திருப்பூரில் 16 வருடமாக மெர்ச்சன்டைசர், அதாவது துணி வாங்கும் பையருக்கும் தைக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்பவன். இந்த இரண்டு வார்த்தையால் ஒரு தடவை என் வேலையே போகப் பார்த்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உச்சரிப்பு. ஈயத்துக்கும் இதே எழுத்துகள்தான், ஆனால் அது 'லெட்'. இது 'லீட்', முன்னால் போவது. ஒரு பொருளைக் கேட்ட நாளிலிருந்து அது கைக்கு வரும் நாள் வரை ஆகும் மொத்தக் காலம்தான் லீட் டைம். அதில் வேலை நடக்கும் நேரமும் உண்டு, சும்மா கிடக்கும் நேரமும் உண்டு. ஒரு போலோ டி-ஷர்ட்டைத் தைக்க கால் மணி நேரத்துக்கு முன்னே பின்னே ஆகும். ஆனால் நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, டையிங் என்கிற சாயமேற்றலுக்குப் போய், துணி சுருங்காமல் இருக்கக் காம்பேக்டிங் முடித்து, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று போனால் 60 நாள் என்போம், 90 நாள் என்போம். பெரும்பாலும் துணி எங்கேயாவது தன் முறைக்குக் காத்துக் கிடக்கும்.

இதுவரை எந்த அகராதியும் சொல்லும். அகராதி சொல்லாத ஒன்று இருக்கிறது, என் கதை அதுதான்.

2015 ஜூலை 20. பிரான்ஸ் பையர் ஒருவரிடமிருந்து ஆர்டர் வந்தது. 12,000 பீஸ் போலோ, மூன்று கலர். 'அவர் லீட் டைம் இஸ் சிக்ஸ்டி டேஸ்', அதாவது எங்கள் லீட் டைம் 60 நாள், என்று மெயிலில் தட்டிவிட்டேன். ஆங்கிலத்தில் ஒரு தப்பும் கிடையாது, இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் கிடையாது. அந்த மாதக் கடைசியிலேயே லேப் டிப் கூரியரில் போய்விட்டது. அட்டையில் ஒட்டிய சின்னச் சின்னத் துணித்துண்டுகள், ஒவ்வொரு கலருக்கும் ஏ, பி, சி என்று மூன்று ஷேட். அதில் ஒன்றை அவர்கள் டிக் அடித்து அனுப்பினால்தான் டையிங்கில் துணியை இறக்க முடியும். ஆகஸ்டில் அந்த ஊரில் பாதி ஆபீஸ்கள் லீவு. மெயில் அனுப்பினால் 'விடுமுறையில் இருக்கிறேன்' என்று இயந்திரம்தான் பதில் போட்டது. பாட்டில் க்ரீனுக்கு 'பி ஓகே' என்று பதில் வந்தது ஆகஸ்ட் 26-ல்.

நான் அன்றிலிருந்து 60 நாள் எண்ணி அக்டோபர் 25 என்று பிளான் போட்டேன். பையர் ஆர்டர் போட்ட நாளிலிருந்து எண்ணி செப்டம்பர் 18 என்று வைத்திருந்தார். 37 நாள் வித்தியாசம். அது தெரிய வந்தபோது துணி இன்னும் டையிங்கில் கிடந்தது.

முதலாளி சத்தம் போடவில்லை. என் மெயிலைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துக் கேட்டார்: "ஏந்தம்பி, 60 நாள்னு எழுதியிருக்கிற. எந்த நாள்ல இருந்துன்னு எழுதலையே?" என்னிடம் பதில் இல்லை. கடைசியில் பாதி சரக்கு எங்கள் செலவில் விமானத்தில் போனது, மீதி தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போனது. அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

'லீவு விட்டது பையர்தானே, உன் தப்பு என்ன?' என்று கேட்பவர்கள் வருவார்கள். நானும் அதைத்தான் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்தில் இல்லாததை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். இதற்குத் தண்டனையாக எனக்குக் 'கம்யூனிகேஷன் போதாது' என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வேறு. அங்கே 35 பேர் வரிசையாக எழுந்து 'மை ஹாபி இஸ் கார்டனிங்' என்று சொன்னோம். வாடகை வீட்டில், மூன்றாவது மாடியில் இருப்பவனுக்கு ஏது கார்டனிங்? லீட் டைம் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்று, அந்த எண் கல்வெட்டும் கிடையாது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணி சாயமேறவே வெளியூர், வெளிமாநிலம் என்று அலைந்தது. பழைய லீட் டைமை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம். நாள் அதிகம் என்றால் 'லாங் லீட் டைம்', குறைவு என்றால் 'ஷார்ட் லீட் டைம்'. 'ஹை லீட் டைம்' என்று எங்கள் ஆபீஸிலேயே சொல்கிறார்கள், எனக்குக் காது கூசும். இன்னொரு சாயலும் உண்டு: ஒரு வேலைக்கு முன்னால் கையில் கிடைக்கும் அவகாசம். தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்பவர் கடைசி வாரத்தில் வந்தால் 'வி நீட் மோர் லீட் டைம்' என்று சொல்லலாம், கொஞ்சம் முன்னாடியே சொல்லக் கூடாதா என்ற அர்த்தத்தில். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பது லீட் டைம் இல்லை, அது வெயிட்டிங் டைம். புது கார் புக் செய்தால் நாம் வெயிட்டிங் பீரியட் என்கிறோம், கம்பெனிக்காரனுக்கு அதுவே லீட் டைம். வீட்டில் 'தோசைக்கு லீட் டைம் என்ன?' என்று கேட்டால் சிரிப்பார்கள், அல்லது கரண்டி பறக்கும்.

இதற்குத் தமிழ்ச்சொல் எங்கே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: முதல் அர்த்தத்துக்கு எங்கள் ஊரில் யாரும் தமிழ்ச்சொல் சொல்லி நான் கேட்டதில்லை, இரண்டாவதற்கு 'அவகாசம்' போதும். 60 நாளில் சரக்கு கேட்பவர்கள் பணத்தை 90 நாள் கழித்துத் தருவதற்கு மட்டும் 'க்ரெடிட் பீரியட்' என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பேசினால் இந்தப் பதில் இன்றைக்கு முடியாது.

இப்போது நான் எழுதுவது இப்படி: லேப் டிப்பும் பிபி சாம்பிளும் (மொத்தமாகத் தைக்கும் முன் பையர் பார்த்து ஓகே சொல்லும் மாதிரி பீஸ்) அப்ரூவ் ஆகி வந்த நாளிலிருந்து 60 நாள், சரக்கு எங்கள் ஃபேக்டரி வாசல் தாண்டும் வரை. மெயில் நீளமாகிறது என்று புதுப் பையன்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

போன மாதம் மனைவியோடு டெய்லர் கடைக்குப் போயிருந்தேன். பிளவுஸுக்குப் பத்து நாள் என்றார் அந்த அக்கா. பழக்க தோஷம், "எந்த நாள்ல இருந்துங்க்கா பத்து நாள்?" என்று கேட்டேன். துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அளவு பிளவுஸ் நீங்க எப்பக் கொண்டாந்து குடுக்கறீங்களோ, அன்னிக்கிருந்துங்க."