மருத்துவமனை மருந்தகப் பயிற்சிக்கான நேர்காணல்: கேள்வி பதில்

மருத்துவமனை மருந்தாளுநராகப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அவற்றுள் கடைசி ஆறு ஆண்டுகளில் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அமர்ந்திருக்கிறேன். நேர்காணலுக்குத் தயாராகும் மாணவர்கள் கேட்டவற்றுள் ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாக்கி, இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: நேர்காணலுக்கு மூன்று வாரங்களே உள்ளன. மருந்தியல் முழுவதையும் மறுபடி படிக்க இயலாது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முழுவதையும் படிக்க முயன்றவர்கள் பல மருந்துகளின் பெயரைச் சொல்லிவிட்டு, அவற்றுள் ஒன்றைக்கூட இறுதிவரை விளக்க முடியாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே, சிறு தவறும் நோயாளிக்குப் பெருந்தீங்காக முடியக்கூடிய மருந்துகளிலிருந்து தொடங்குங்கள்: வார்ஃபரின், இன்சுலின், ஹெபாரின் வகைகள், ஓபியாய்டு வலிநிவாரணிகள், மெத்தோட்ரெக்சேட், டிகாக்சின், லித்தியம், ஜென்டாமைசின், வான்கோமைசின், செறிவு மிக்க பொட்டாசியம் குளோரைடு. ஒவ்வொன்றுக்கும் அது எதற்காகத் தரப்படுகிறது, எதைக் கண்காணிக்க வேண்டும், எதனுடன் சேர்ந்தால் ஆபத்து, அளவு மீறினால் என்ன செய்வது ஆகிய நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை எடுத்துக்கொள்வோம். இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்காக அதை உட்கொள்ளும் ஒருவருக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். அவருக்கு மெட்ரோனிடசோல் எழுதப்பட்டிருக்கிறது என்று குழு சொன்னால், "இரண்டும் ஒத்துப்போகாது" என்பதோடு நிறுத்திக்கொள்பவர் பாதி விடையைத்தான் தந்திருக்கிறார். மெட்ரோனிடசோல் வார்ஃபரினின் சிதைவைத் தடுப்பதால் இரத்தம் உறைவது மேலும் குறையும்; இந்த நோய்த்தொற்றுக்கு வேறு நுண்ணுயிர்க்கொல்லி பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பேன்; பொருந்தாவிட்டால் வார்ஃபரின் அளவைக் குறைப்பது பற்றிப் பேசி, சில நாட்களுக்குள்ளேயே ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வேன். ஈறில் இரத்தம், கருநிற மலம் போன்ற அறிகுறிகளை நோயாளிக்குச் சொல்வேன். இப்படித் தொடர்ந்து சென்று நோயாளியிடம் வந்து சேரும் விடையைத்தான் நாங்கள் எதிர்பார்க்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துகளால் விளையும் தவிர்க்கக்கூடிய தீங்குகளைக் குறைக்க உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கியது. அதிக ஆபத்துள்ள சூழல்கள், ஒரே நேரத்தில் பல மருந்துகள், ஒரு சிகிச்சையிடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கட்டங்கள் ஆகிய மூன்றையும் அது முதன்மையாகக் கொண்டது. சூழல் கேள்விகளுள் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும் என்பதால், படிப்பை வகைப்படுத்திக்கொள்ள இது உதவும்.

கேள்வி: கணக்கு என்றாலே கை நடுங்குகிறது. எந்த அளவுக்குக் கேட்பார்கள்?

பதில்: கணிதம் கடினமாக இருக்காது, அலகுகள்தாம் காலை வாரும். 1 சதவீதக் கரைசல் என்றால் 100 மில்லிலிட்டரில் 1 கிராம், அதாவது மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். 1000-க்கு 1 அட்ரினலின் என்றால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். இவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

அடிக்கடி வருவது டிரிப் வேகம். 1 கிராம் வான்கோமைசின் 250 மில்லிலிட்டரில் கலக்கப்பட்டுள்ளது, நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் செலுத்தக் கூடாது என்றால், குறைந்தது 100 நிமிடங்கள் தேவை. எனவே வேகம் மணிக்கு 150 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. விடையைச் சொன்ன பிறகு, வேகமாகச் செலுத்தினால் உடல் சிவந்து அரிக்கும், இரத்த அழுத்தமும் வீழக்கூடும் என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்தால், கணக்கு நோயாளியோடு இணைந்துவிடும்.

இன்னொன்று சிறுநீரகச் செயல்பாடு. 80 வயது மூதாட்டி, எடை 48 கிலோ, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, தசையிலிருந்து வரும் கழிவு) இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம். இந்த எண்ணைப் பார்த்தவுடன் "ஏறக்குறைய இயல்புதான்" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். 1976-இல் வெளிவந்த காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தின்படி 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள். சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் அளவாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 மில்லிலிட்டர்தான் கிடைக்கும். 30-க்குக் கீழே வந்துவிட்டதால், இரத்தக் கட்டிக்கான சிகிச்சையாக அவருக்கு இனாக்சபாரின் நாளுக்கு இருமுறை எழுதப்பட்டிருந்தால், அது ஒருமுறையாகக் குறைய வேண்டும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் இருந்தால் அதைப் பற்றியும் உடனே பேச வேண்டும். தசை குறைந்த முதியவர்களிடம் கிரியேட்டினின் இப்படித்தான் நம்மை ஏமாற்றும்.

கணக்கை மௌனமாகப் போடாதீர்கள். ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே போடுங்கள். இறுதியில் "இந்த விடை நடைமுறைக்கு ஒத்துவருகிறதா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு டோஸுக்குப் பன்னிரண்டு குப்பிகள் வேண்டும் என்று வந்தால், தசமப்புள்ளி எங்கோ நகர்ந்திருக்கிறது. அதைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியவருக்கு நான் முழு மதிப்பெண் தந்திருக்கிறேன்.

கேள்வி: மருத்துவர் எழுதியது தவறு என்று தெரிகிறது, ஆனால் அவர் ஏற்க மறுக்கிறார் என்ற சூழலுக்கு எப்படி விடை சொல்வது? அவரை எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: இந்த அச்சம் எனக்கும் இருந்தது, அதற்கு ஒரு நோயாளி விலை கொடுத்தார். நான் பயிற்சியில் இருந்தபோது, மூட்டுவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் எடுத்துவந்த ஒருவரின் மருந்துப் பட்டியலில், வாரம் ஒருமுறை என்று இருக்க வேண்டியது தினமும் என்று எழுதப்பட்டிருந்தது. எனக்கு ஐயம் வந்தது. ஆனாலும், எழுதியவர் மூத்தவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து அரைமணி நேரம் தயங்கினேன். அதற்குள் கூடுதலாக ஒரு டோஸ் கொடுக்கப்பட்டுவிட்டது. அவர் நலமாக வீடு திரும்பினார் என்றாலும், அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கவில்லை. அந்த மருந்தைத் தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜையே செயலிழக்கக்கூடும்.

மருத்துவரிடம் பேசும்போது நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, உங்கள் வேண்டுகோள் என்ற வரிசையில் பேசுங்கள். எடுத்துக்காட்டாக: "டாக்டர், மருந்தகத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் நோயாளிக்கு மெத்தோட்ரெக்சேட் 10 மில்லிகிராம் தினமும் என்று எழுதப்பட்டுள்ளது. வீட்டில் அவர் திங்கட்கிழமைதோறும் மட்டுமே எடுத்துவந்திருக்கிறார். தினமும் கொடுத்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். இன்றைய டோஸை நிறுத்திவைத்து, வாரம் ஒருமுறை என்று திருத்தித் தர வேண்டுகிறேன்." இதில் எதிர்ப்பு எங்கேயும் இல்லை, நோயாளியைப் பற்றிய செய்தி மட்டுமே இருக்கிறது. அப்படியும் அவர் ஏற்காவிட்டால், மருந்தை வழங்காமல் வைத்திருப்பேன், டோஸைக் கொடுக்க வேண்டாம் என்று செவிலியரிடம் சொல்வேன், என் மேற்பார்வை மருந்தாளுநரை உடனே அழைப்பேன், நடந்ததைப் பதிவு செய்வேன் என்று சொல்லுங்கள். பயிற்சியாளர் தனியாகப் போராடி வெல்ல வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. எந்தக் கட்டத்தில் யாரை அழைப்பீர்கள் என்பதே கேள்வியின் உள்ளடக்கம்.

கேள்வி: ஒரே நேரத்தில் பல வேலைகள் வந்தால் எதை முதலில் செய்வீர்கள் என்று கேட்பார்களாமே?

பதில்: கட்டாயம் கேட்பார்கள். நாங்கள் ஒருமுறை தந்த சூழல் இது: கடும் நோய்த்தொற்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு நரம்புவழி நுண்ணுயிர்க்கொல்லி வார்டில் இல்லை; வீடு திரும்பும் ஒருவர் மருந்துக்காக இரண்டு மணி நேரமாகக் காத்திருந்து கோபமாக இருக்கிறார்; குளிர்பெட்டியின் எச்சரிக்கை மணி ஒலிக்கிறது; பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு லெவோடோபா மாத்திரை வார்டில் தீர்ந்துவிட்டது.

முதலாவதில் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள்: அத்தகைய நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போக வேண்டும். பலர் சறுக்கியது லெவோடோபாவில். அது வழக்கமான மாத்திரைதான், மாலையில் அனுப்பலாம் என்றார்கள். குறித்த நேரத்தில் அது கிடைக்காவிட்டால் அந்த நோயாளியின் உடல் இறுகிவிடும். விழுங்கவும் பேசவும் சிரமப்படுவார். எனவே இரண்டாவது இடம் அதற்குத்தான். குளிர்பெட்டிக்கு வேறொருவரை அனுப்பி, வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். காத்திருப்பவரிடம் அரை நிமிடம் நின்று மன்னிப்புக் கேட்டு, எவ்வளவு நேரமாகும் என்று உண்மையைச் சொல்லலாம். வேலையைப் பகிர்ந்து கொடுக்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

கேள்வி: நான் மருந்துக்கடையில் மட்டுமே வேலை பார்த்திருக்கிறேன். வார்டு அனுபவம் உள்ளவர்களோடு போட்டியிட முடியுமா?

பதில்: முடியும். கடையில் நின்றவருக்கு நோயாளியோடு பேசத் தெரியும். அது எளிதில் கற்றுத்தர முடியாத திறமை. ஆனால் "கடையில் வேலை பார்த்தேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், ஒரே ஒரு நாளை எடுத்துச் சொல்லுங்கள். ஒருவர் இரண்டு பெட்டிகளில் ஒரே மருந்தை வேறு வேறு பெயரில் வாங்க வந்ததை நீங்கள் கண்டுபிடித்திருக்கலாம். அதில் என்ன கவனித்தீர்கள், என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று என்பது போதும்.

கேள்வி: நடிப்பவர் ஒருவரை நோயாளியாக உட்காரவைத்து, அவர் வீட்டில் எடுக்கும் மருந்துகளைக் கேட்டறியச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டேன். எப்படித் தயாராவது?

பதில்: முதலில் உங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லுங்கள், அவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள், ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, உண்டென்றால் மருந்து எடுத்தபோது என்ன நடந்தது என்றும் கேளுங்கள். பெனிசிலினால் வயிறு கலங்கியதற்கும் முகம் வீங்கி மூச்சுத் திணறியதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் மாத்திரைகளை மட்டுமே சொல்வார். கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், தோலில் ஒட்டும் பட்டை, வாரம் ஒருமுறை போடும் ஊசி, மூலிகை மருந்துகள், தானே வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகள் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும். பிறகு, "இவற்றுள் எதையாவது சில நாட்கள் விட்டுவிடுவீர்களா?" என்று குற்றம் சாட்டாத குரலில் கேளுங்கள். உண்மையில் எடுப்பதும் சீட்டில் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. முடிக்கும்போது, மருந்துப் பெட்டிகளையோ முந்தைய மருந்துச்சீட்டையோ குடும்பத்தினரையோ கொண்டு இரண்டாவது ஆதாரத்தால் சரிபார்ப்பேன் என்று குழுவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: விடை தெரியவில்லை என்றால்?

பதில்: தெரியவில்லை என்று சொல்லுங்கள், அடுத்த மூச்சில் எங்கே தேடுவீர்கள் என்றும் சொல்லுங்கள். "இந்த இரண்டு ஊசி மருந்துகளையும் ஒரே குழாயில் செலுத்தலாமா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது, ஊசி மருந்துகளுக்கான வழிகாட்டி நூலைப் பார்ப்பேன், அதில் இல்லையென்றால் மருந்துத் தகவல் பிரிவைக் கேட்பேன், அதுவரை தனித்தனியே செலுத்தும்படி செவிலியரிடம் சொல்வேன்" என்பது சிறந்த விடை. ஊகித்ததை உறுதிபோலச் சொன்னவர்களை, மற்ற விடைகள் எவ்வளவு நன்றாக இருந்தபோதிலும், நாங்கள் தேர்ந்தெடுத்ததில்லை.

கேள்வி: "நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்றால் எந்த அளவுக்கு உண்மையைச் சொல்வது?

பதில்: தவறே செய்ததில்லை என்று சொல்லாதீர்கள்; கவனித்ததில்லை என்றுதான் நாங்கள் புரிந்துகொள்வோம். இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசினுக்குப் பதில் ஒவ்வாமைக்கான ஹைட்ராக்சிசினை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டாவது சரிபார்ப்பில் கண்டுபிடித்தேன் என்றால், அதை அப்படியே சொல்லுங்கள். யாரிடம் சொன்னீர்கள், பதிவு செய்தீர்களா, இரண்டு பெட்டிகளையும் தள்ளிவைக்கச் சொன்னீர்களா என்பவற்றில் நேரத்தைச் செலவிடுங்கள். நோயாளிகளின் பெயரையோ அடையாளத்தையோ எந்தக் கதையிலும் சொல்லக் கூடாது.

கேள்வி: உடை, இறுதியில் நாம் கேட்க வேண்டிய கேள்வி?

பதில்: உடை தூய்மையாக இருந்தால் போதும். கேள்வியாக, பயிற்சியாளருக்கு ஐயம் வரும்போது இரவுப் பணியில் யாரை அழைக்கலாம், எந்தெந்த வார்டுகளில் எவ்வளவு காலம் இருக்க வேண்டும், தனியாக மருந்துச்சீட்டைச் சரிபார்க்க எப்போது அனுமதிப்பார்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் குழு தயங்கித் தயங்கி விடை சொன்னால், அந்த இடத்தை ஏற்பதா என்று நீங்களும் யோசிக்கலாம்.