அமெரிக்காவில் இந்தப் பருவம் ப்ளூபெரி விளைச்சல் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கேட்டவரின் குழப்பம் இதுதான்: ஒரு வருடம் ப்ளூபெரி சல்லிசாகக் கிடைக்கிறது, மறு வருடம் கை வைக்க முடியாத விலை விற்கிறது. இதை முன்னாடியே தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா?

உண்டு. நான் குடியிருப்பது தெற்கு நியூ ஜெர்சியில், ஹாமன்டன் பக்கம். ‘உலகின் ப்ளூபெரி தலைநகரம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. சுற்றிலும் பண்ணைகள் என்பதால் விவசாயிகளோடு பேசிப் பழக்கம். அவர்கள் யாரும் ஜூலை மாத வெயிலை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. பூ விரிந்திருக்கும் இரண்டு மூன்று வாரங்களில் இரவு எவ்வளவு குளிர்ந்தது என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் பூவைப் பார்த்துக் குத்தகை பேசுவார்கள் அல்லவா, அதே கணக்குதான். பூவில் பாதி தெரிந்துவிடும்.

பூவுக்கும் முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. இந்த வருடப் பழத்துக்கான மொட்டு போன வருடம் கோடையின் கடைசியிலேயே கிளை நுனியில் உருவாகிவிடும். அந்த நேரத்தில் கடும் வறட்சி என்றால் மொட்டு குறையும். அப்புறம் குளிர்காலம். செடி நன்றாக உறங்கி எழ, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் இத்தனை மணி நேரம் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. எங்கள் பக்கமும் மிச்சிகனிலும் வளர்கிற வடக்கு ரகங்களுக்கு ஏறத்தாழ 800 முதல் 1,000 மணி நேரம் தேவை. ப்ளோரிடாவின் தெற்கு ரகங்களுக்கு அதில் பாதிகூட வேண்டாம். ப்ளோரிடா பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகள் உழைத்து அப்படி ரகங்களை உருவாக்கியதால்தான் அங்கே ப்ளூபெரி விவசாயமே சாத்தியமாயிற்று. குளிர் போதாத வருடத்தில் பூ ஒரே சமயத்தில் வராது. கொஞ்சம் இன்றைக்கு, கொஞ்சம் பத்து நாள் கழித்து என்று இழுத்துக்கொண்டே போகும். பழமும் அப்படியே பிரிந்து பிரிந்து பழுக்கும். பறிப்புக் கூலி ஏறும்.

ஆனால் விவசாயியின் தூக்கத்தைக் கெடுப்பது குளிர்காலம் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் வரும் திடீர் வெயில்தான். உறக்கத்தில் இருக்கும் மொட்டு மைனஸ் 20 டிகிரிக்குக் கீழேகூடத் தாங்கும். மொட்டு உப்ப ஆரம்பித்ததும் அந்தத் தாங்கும் சக்தி படிப்படியாகக் குறைகிறது. முழுதாக விரிந்த பூ மைனஸ் 2 டிகிரியைத் தாண்டினாலே போச்சு. வெயிலை நம்பி முன்கூட்டியே பூத்த செடி, அதற்குப் பிறகு வரும் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். 2017இல் ஜார்ஜியாவில் நடந்தது இதுதான். பிப்ரவரி முழுக்க இதமான வெயில். மார்ச் நடுவில் உறைபனி இறங்கி, அந்த மாநிலத்து ப்ளூபெரியில் பெரும்பகுதியைக் கொண்டு போய்விட்டது. ஜூன் மாத வெயிலோ மழையோ அதை ஈடுகட்டவில்லை.

உறைபனிக்கு மறுநாள் தோட்டத்தைப் பார்த்தால் வெளியாளுக்கு ஒன்றும் தெரியாது. பூக்கள் வெள்ளை வெளேரென்று அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். விவசாயி ஒரு பூவைக் கிள்ளி, நகத்தாலோ சின்னக் கத்தியாலோ குறுக்கே வெட்டிப் பார்ப்பார். நடுவில் பச்சையாக இருந்தால் பிழைத்தது. பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்தப் பூ இனி பழமாகாது. வரிசைக்கு இத்தனை என்று பூக்களை எடுத்து வெட்டி எண்ணித்தான் சேதம் எவ்வளவு என்று சொல்வார்கள். தாழ்வான இடத்து வரிசைகளில் சேதம் அதிகம் இருக்கும், ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும்.

இதற்கு மருந்து தண்ணீர். உறைபனி வரும் என்று தெரிந்தால் நள்ளிரவில் எழுந்து ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் பூவின் மேல் பட்டு உறையும்போது ஒவ்வொரு கிராமும் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் பூவைப் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும். வெளியே மைனஸ் 4 என்றாலும் பனிக்கட்டிக் கூட்டுக்குள் பூ உயிரோடு இருக்கும். ஒரே நிபந்தனை, பாதியில் நிறுத்தக் கூடாது. விடிந்து வெயில் ஏறிப் பனிக்கட்டி தானாக உருகும் வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மோட்டார் நின்றால் நனைந்த பூவிலிருந்து ஈரம் ஆவியாகி, தண்ணீரே விடாத பூவைவிட இன்னும் குளிர்ந்து போகும். காற்று பலமாக அடிக்கிற இரவில் இதே ஆபத்து உண்டு. அதனால் ‘இன்றைக்கு மைனஸ் 3’ என்ற செய்தி மட்டும் போதாது. காற்று அடித்ததா, வானம் தெளிவாக இருந்ததா என்பதையும் கேட்க வேண்டும். காற்றில்லாத தெளிந்த இரவு என்றால் தண்ணீரோ பெரிய விசிறி இயந்திரமோ வைத்துச் சமாளிக்கலாம். வடக்கிலிருந்து குளிர்காற்றே திரண்டு வந்து அடித்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

உறைபனியைத் தாண்டிய பூவுக்குத் தேனீ வேண்டும். வாடகைத் தேனீப் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கும். ஆனால் மழை பெய்தாலோ, பகல் வெப்பம் 12, 13 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ தேனீ பெட்டியைவிட்டு அதிகம் வெளியே வராது. ப்ளூபெரிப் பூ கவிழ்த்த குடம் போன்றது, மகரந்தம் லேசில் உதிராது. வண்டு போல் பெரிதாக இருக்கும் பம்பிள்பீ பூவில் தொங்கி ரீங்காரமிட்டு உலுக்கி எடுக்கும். அது குளிரிலும் வேலை செய்யும், ஆனால் எண்ணிக்கை குறைவு. பூக்கும் வாரம் முழுக்க மூடிய வானமும் தூறலுமாக இருந்தால் காய் பிடிக்கும், ஆனால் உள்ளே விதை குறைந்து பழம் சிறுத்துவிடும். இந்த ஒரு விஷயத்தைச் செய்திகளில் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். உறைபனி தலைப்புச் செய்தியாகிறது, தூறல் ஆவதில்லை.

பருவம் தெற்கிலிருந்து வடக்கே நடந்து வரும். ப்ளோரிடா மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை. ஜார்ஜியா ஏப்ரலிலிருந்து. மே நடுவில் வட கரோலினா. ஜூன் நடுவில் எங்கள் நியூ ஜெர்சி. ஜூலையில் மிச்சிகன். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஆரிகன், வாஷிங்டன், அதற்கு மேலே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. விலை ஏறுவதும் இறங்குவதும் இந்த ஓட்டத்தைப் பொறுத்தது. ஜார்ஜியா தாமதமாகி எங்கள் பருவம் சீக்கிரம் தொடங்கினால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும். வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம், விவசாயிக்குத் திண்டாட்டம். ஒரு மாநிலம் விழுந்தால் இடையில் சில வாரம் பள்ளம் விழுந்து விலை எகிறும்.

எங்கள் ஊர் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. பைன் பேரன்ஸ் என்ற இந்தப் பகுதி வெறும் மணல், அமிலத் தன்மை. வேறு பயிர்க்காரர்கள் கழித்துக் கட்டிய நிலம். எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணியும் அமெரிக்க வேளாண் துறையின் ஃபிரெடரிக் கோவில் (Coville) என்ற தாவரவியலாளரும் சேர்ந்து 1911 முதல் இங்கே உழைத்தார்கள். காட்டில் பெரிய பழம் காய்க்கும் புதர்களைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி ஒயிட் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டார். பழத்தை அளந்து பார்க்கத் துளையிட்ட அளவுகோலையும் அவர்கள் கையில் கொடுத்தார். 1916இல் முதல் வணிக அறுவடை சந்தைக்குப் போனது. அதற்கு முன் ப்ளூபெரி என்றால் காட்டில் பொறுக்குகிற பழம்தான்.

மிச்சிகன் வேறு கதை. அந்த மாநிலத்தின் ப்ளூபெரி பெரும்பாலும் மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையோரம்தான் விளைகிறது. குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் ஏரி, வசந்தத்தில் கரையோரத்தைச் சீக்கிரம் சூடாக விடாது. பூ தாமதமாகும், உறைபனி அதற்குள் கடந்து போயிருக்கும். இந்தக் காவலும் சில வருடம் கைவிடும். 2012 மார்ச்சில் அடித்த வெயிலில் எல்லாம் முன்கூட்டியே துளிர்த்து, ஏப்ரல் உறைபனியில் அந்த மாநிலத்துப் பழப் பயிர்கள், முக்கியமாகப் புளிப்புச் செர்ரி, அழிந்துபோயின.

வடமேற்கில் உறைபனியைவிட வெயில்தான் பயம். 2021 ஜூன் 28 அன்று ஆரிகனின் போர்ட்லண்ட் நகரில் 46.7 டிகிரி பதிவானது. ராஸ்பெரி, பிளாக்பெரி பழுத்து நின்ற நேரம். வெயில் பட்ட பக்கத்துப் பழங்கள் செடியிலேயே வெந்து வெளுத்தன.

பழுத்த பிறகு இரண்டு எதிரிகள். ஒன்று மழை: பழம் தண்ணீரை உறிஞ்சி வெடிக்கும், நீலத்தின் மேல் இருக்கும் வெண்பொடி கலைந்து சீக்கிரம் கெடும். இன்னொன்று புள்ளிச் சிறகு கொண்ட ஒரு பழ ஈ. மற்ற பழ ஈக்கள் அழுகிய பழத்தைத் தேடும். இது ரம்பம் போன்ற உறுப்பால் நல்ல பழத்தையே அறுத்து முட்டையிடும். 2008இல் கலிபோர்னியாவில் தென்பட்டு, சில வருடங்களில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. பருவம் போகப் போக ஈ பெருகும். அதனால் பண்ணைக்குப் போய் நீங்களே பறிப்பதென்றால் முற்பருவ ரகங்களில், டியூக் மாதிரி, ஜூன் கடைசியிலேயே பறித்துவிடுங்கள்.

ஸ்ட்ராபெரி கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் கலிபோர்னியா. அங்கே பார்க்க வேண்டியது குளிர்கால மழை. 2023 மார்ச்சில் பஹாரோ ஆற்றின் கரை உடைந்து வாட்சன்வில் பக்கத்து வயல்கள் மூழ்கின. வெள்ளம் தொட்ட பழத்தை விற்கக் கூடாது என்பது அமெரிக்க விதி, அதனால் நன்றாகத் தெரிந்த பழமும் வீண். டிசம்பர் முதல் மார்ச் வரை ப்ளோரிடாவின் பிளாண்ட் சிட்டி. அங்கே நாற்று நடுவது அக்டோபரில், அதுவே புயல் காலம். 2024இல் மில்டன் புயல் அந்த நேரத்தில்தான் வந்தது.

செப்டம்பருக்குப் பிறகு ப்ளூபெரிக்கு அமெரிக்க வானிலையைப் பார்த்துப் பயனில்லை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டைப் பாருங்கள். அங்கே பாலைவனக் கடற்கரையில், சொட்டு நீரில், கவாத்து செய்யும் தேதியை வைத்தே அறுவடையை நிர்ணயிக்கிறார்கள். 2023இல் எல் நினோவால் கடலோரம் சூடேறி அங்கே விளைச்சல் சரிந்தது. அந்த இலையுதிர் காலத்தில் இங்கே கடையில் விலை பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? மார்ச்சில் ஜார்ஜியாவின் இரவு வெப்பநிலை, ஏப்ரல் இறுதியில் நியூ ஜெர்சியின் இரவும் மழையும், மே மாதத்தில் மிச்சிகன். இந்த மூன்றும் நல்லபடியாகக் கடந்தால் கோடையில் விலை இறங்கும். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் விரிவாக்கப் பிரிவு பருவத்தில் ப்ளூபெரி நிலவரத்தை எழுதுகிறது, வேளாண் துறை மொத்த விலையைத் தினமும் வெளியிடுகிறது, இரண்டும் இலவசம். எங்கள் பருவமும் மிச்சிகனும் ஒன்றாக ஓடும் ஜூலையில் பெட்டியாக வாங்கி, கழுவாமல், தட்டில் பரப்பி உறைய வைத்து அப்புறம் பையில் கொட்டி வையுங்கள். கழுவிவிட்டு உறைய வைத்தால் தோல் கடினமாகும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாப்பிடும் முன் கழுவினால் போதும்.