‘செம்மீன்’ வாசிப்புக்கு எதைச் சமைப்பது? கேள்வி பதில்

மார்த்தாண்டத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் இம்மாதம் தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ என்னும் மலையாள நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் வாசிக்கிறது. கூட்டத்தன்று நாவலோடு ஒட்டிய ஓர் உணவைச் சமைத்துப் பகிர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். தமிழ்நாடு–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் இருந்து கேள்விகள் வந்துள்ளன. அந்தச் சமையலைப் பல ஆண்டுகளாக ஏற்றுச் செய்துவருபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

குழித்துறையிலிருந்து: டீச்சர், நாவலின் பெயரே செம்மீன் என்பதால் இறால் வறுவல் செய்துவிடலாமே?

மலையாளத்தில் செம்மீன் என்றால் இறால்தான். செய்யலாம், நான் செய்ய மாட்டேன். நாவல் வெளிவந்தது 1956இல். உறைய வைத்த இறால் கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியது 1953இல். அதற்கு முன்பு இறாலை அவித்து, வெயிலில் உலர்த்தி, தோட்டை அடித்து நீக்கி, ரங்கூன் முதலிய ஊர்களுக்கு அனுப்பிவந்தார்கள். இறால் பெரும்பாலும் விற்பதற்கான சரக்காகவே இருந்தது. கடற்கரை வீட்டின் அடுப்பில் அன்றாடம் ஏறியது சாளைதான். மலையாளத்தில் அதையே மத்தி என்பார்கள். வியாபாரி பரீக்குட்டியிடம் கடன்பட்டுத் தோணியும் வலையும் வாங்கிய செம்பன்குஞ்சுவின் வீட்டில், அந்தக் கடனை நினைத்து நினைத்துக் குமைந்த அவன் மகள் கருத்தம்மா அடுப்பு மூட்டியிருந்தால் சட்டியில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தலைப்பைச் சமைப்பதைவிட அந்த வீட்டைச் சமைப்பதே நாவலுக்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே குடம்புளி இட்ட சாளைக் கறியும் அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) என்று முடிவு செய்திருக்கிறேன்.

பாறசாலையிலிருந்து: எங்கள் வீட்டில் தேங்காய் அரைத்து, வாளம்புளி (சாதாரணப் புளி) கரைத்துத்தான் மீன் கறி வைப்போம். குடம்புளி அவசியமா?

இந்த நாவலுக்கு அவசியம். கதை நடக்கும் ஆலப்புழைப் பக்கத்தில் தேங்காய் சேர்க்காமல், மிளகாயும் குடம்புளியும் மட்டுமே ஆளும் ‘முளகிட்ட’ கறிக்குத் தனி இடம் உண்டு. வாளம்புளியைக் கரைத்து ஊற்றும்போது அதன் சதையும் குழம்பில் கலந்து, குழம்பு மங்கலாகக் கெட்டிப்படும். குடம்புளியை நாம் கரைப்பதுமில்லை, பிழிவதுமில்லை. துண்டு துண்டாகவே கிடந்து புளிப்பை மெதுவாக விட்டுக்கொடுக்கும். குழம்பு தெளிவாக, சிவப்பாக நிற்கும். பழுத்த காயைப் பிளந்து விதையை நீக்கி, வெயிலில் வாட்டி, பிறகு அடுப்புக்கு மேலே புகையில் உலர்த்துவதால் அதற்கு அந்தக் கறுப்பும் புகை மணமும் வருகின்றன. கடையில் வாங்கும்போது ஒரு துண்டை விரலால் வளைத்துப் பாருங்கள்: தோல் போல வளைந்து, கையில் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பும் மூக்கில் புகையும் நின்றால் நல்ல சரக்கு, மொறுமொறுவென்று ஒடிந்தால் பழையது.

ஆயினும் உங்கள் வீட்டுக் கறியையும் ஒரு சிறிய சட்டியில் கொண்டுவாருங்கள். நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நாகர்கோவில்காரர். இரண்டு சட்டிகளும் அருகருகே இருந்தால், ஒரே கடலின் இரண்டு கரைகள் எப்படிப் பேசுகின்றன என்பது நாக்குக்கே தெரியும்.

கொல்லங்கோட்டிலிருந்து: இருபது பேருக்கான அளவையும் செய்முறையையும் சொல்லுங்கள், அக்கா.

சாளை 2 கிலோ போதும், ஏனெனில் வயிற்றை நிரப்பப்போவது கிழங்கு. கல்லுப்புப் போட்டு உரசிச் செதிலை நீக்கி, குடலையும் செவுளையும் எடுத்து, இருபுறமும் மேலோட்டமாகக் கீறிக்கொள்ளுங்கள். குடம்புளி 10 துண்டுகளைக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊற வையுங்கள். மிளகாய்த்தூள் 6 மேசைக்கரண்டி (காரம் குறைவாக, நிறம் மிகுந்ததாக இருக்கட்டும்), மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி ஆகியவற்றை நீர் விட்டுக் குழைத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழைப்பைத் தவிர்த்துத் தூளை நேரே எண்ணெயில் கொட்டினால் கணத்தில் கருகிக் கசந்துவிடும்.

தேங்காய் எண்ணெயில் அரைத் தேக்கரண்டி வெந்தயத்தைப் பொரியவிட்டு, நறுக்கிய சின்ன உள்ளி 30, பூண்டு 20 பல், இரண்டு விரல் நீள இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்குங்கள். தீயைத் தணித்துக் குழைத்த மசாலாவைச் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை பொறுமையாகக் கிளறுங்கள். இந்த ஐந்தாறு நிமிடங்களில்தான் கறியின் தலைவிதி தீர்மானமாகிறது: பச்சை வாடை போய், நிறம் செங்கல்லிலிருந்து அடர்ந்த சிவப்புக்கு மாறும் தருணத்தைக் கண்ணால் காணலாம். பிறகு புளியை ஊறிய நீரோடு சேர்த்து, மேலும் நான்கு குவளை நீரும் உப்பும் இட்டு, 10 நிமிடம் கொதித்தபின் மீனை அடுக்குங்கள். அதன்பின் கரண்டிக்கு வேலையில்லை. சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றினாலே போதும். 12 நிமிடத்தில் மீன் வெந்துவிடும். புளிப்பைச் சுவைத்துப் பார்த்து, போதுமென்றால் புளித் துண்டுகளில் பாதியை எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் நேரம் போகப் போகப் புளிப்பு ஏறும். இறுதியில் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு சுற்று.

நித்திரவிளையிலிருந்து: மண்சட்டி கிடைக்காவிட்டால் அலுமினியப் பாத்திரத்தில் செய்யலாமா?

வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆட்கள் அதிகம் என்று ஒரு பெரிய அலுமினிய உருளியில் இதே கறியைச் செய்தேன். குடம்புளியின் அமிலம் உலோகத்தை அரித்து, மறுநாள் குழம்பில் நாணயத்தை நக்கியது போன்ற சுவை ஏறிவிட்டது, முழுவதையும் கொட்டினேன். மண்சட்டி இல்லையென்றால் எவர்சில்வர் நல்லது. புதிய மண்சட்டி வாங்கினால், அரிசி கழுவிய நீரை ஊற்றி மூன்று நாள் வைத்து, பிறகு தேங்காய்த் துருவலை எண்ணெயில் வறுத்துக் கொட்டிவிட்டுப் பழக்குங்கள்.

கோழிஞ்சாம்பாறையிலிருந்து: மரச்சீனி சில நேரம் கசக்கிறதே, ஏன்?

கிழங்கில் இயற்கையாகவே சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கசப்பு வகைகளில் கூடுதல். தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டாக்கி, நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரை அவசியம் வடித்துக் கொட்டுங்கள். கசப்பு மாறாத கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். இருபது பேருக்கு 5 கிலோ வேண்டும். திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942இல் பர்மா அரிசி நின்றபோது இந்தப் பகுதியின் எத்தனையோ வீடுகளைக் காத்ததும் இதுவே. கடல் ஏமாற்றும் மாதங்களில் கரை பட்டினி கிடப்பதை நாவலில் வாசித்தவர்கள் தட்டில் இந்தக் கிழங்கைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

செங்கோட்டையிலிருந்து: எங்களில் இருவர் சைவம், ஒருவருக்கு இறால் ஒவ்வாமை.

சைவர்களுக்குச் சக்கைக்குருவும் (பலாக்கொட்டை) மாங்காயும் தேங்காய் அரைத்த கறியாக இருக்கட்டும். கேரளத்தில் இந்த இரண்டோடு இறால் சேர்ப்பதுண்டு. இறாலை விட்டுவிட்டாலும் கறி நிறைவாகவே இருக்கும். ஒவ்வாமை உள்ளவருக்காக அன்று இறாலோ இறால் பொடியோ சமையலறைக்குள்ளேயே வர வேண்டாம். பொதுக் கரண்டி ஒன்று மாறினாலே போதும், மூச்சுத் திணறல் வரலாம்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து: ஜூன், ஜூலையில் கூட்டம் வைத்தால் மீன் கிடைக்குமா?

தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாளும் விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளங்கள் கொண்டுவரும் சாளை கிடைக்கும். அம்பலப்புழைப் பக்கத்தில் சாகரா என்னும் சேற்றுக்கரை அமைந்து கடல் அடங்கி மீன் குவிவதும் இந்த மழைக்காலத்தில்தான். கண் தெளிவாகவும் வயிறு உறுதியாகவும் இருப்பதை மட்டும் வாங்குங்கள். ஐஸ் இல்லாமல் வெயிலில் நின்ற சாளையில் உண்டாகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

குளச்சலிலிருந்து: நாவலின் முடிவில் சுறா வருகிறதே, சுறாப்புட்டு வைக்கலாமா?

நாவலை முடிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லுங்கள். கருத்தம்மாவின் கணவன் பழனி தூண்டிலில் பிடித்த அந்தச் சுறாவும், பின்னர் கரையில் ஒதுங்கிய இரண்டு உடல்களும் ஒரே காட்சியைச் சேர்ந்தவை. அதைப் பேசும் இடத்தில் சுறாவை உதிர்த்துத் தட்டில் வைக்க எனக்குக் கை வராது.

அருமனையிலிருந்து: உரையாடலுக்கு முன்பு பரிமாறுவதா, பின்பா?

பின்பு. காலையில் வைத்த கறி மாலையில்தான் மீனுக்குள் இறங்கும். பேசி முடிக்கும் நேரமும் அதுவே. மீண்டும் கொதிக்க விடாமல் ஆவி வரும்வரை மட்டும் சூடாக்கி, சட்டியைப் பிரிமணை மேல் இறக்குங்கள். ஈரத் தரையில் வைத்தால் அடி விரிசல் விடும்.