ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் கழற்றிவிடலாமா?

கேள்வி: உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனாக சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வேலை பார்க்கிறேன். மின்கசிவு வந்தால் விழுந்து (டிரிப் ஆகி) சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும், மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் எம்சிபியும்தான் தகராறு. “ஆர்சிசிபி சும்மா சும்மா விழுது, கழற்றிடு தம்பி”, “எம்சிபியைப் பெருசா மாத்திடு” என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். முடியாது என்றால் வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், ஈசூன்

பதில்: சட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள், காசு பிடுங்கச் சொல்லும் சாக்கு என்றுதான் அங்கிள் நினைப்பார். டிபி பாக்ஸ் (இந்த சுவிட்சுகள் இருக்கும் மின் விநியோகப் பெட்டி) முன்னால் அவரை நிற்கவைத்து வேலையைக் காட்டுங்கள்.

எம்சிபிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, எதில் விழுகிறதோ அந்த சர்க்கியூட்டின் பிளக்குகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் பழைய வாட்டர் ஹீட்டரோ ஃபிரிட்ஜோ அகப்படும். எல்லாம் இறங்கியிருந்தும் விழுகிறதா? ஒற்றை முனை எம்சிபி லைவை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் எங்கோ எர்த்தில் பட்டிருக்கலாம். மெயினை அணைத்து, சப்ளை இல்லை என்று உறுதிசெய்து, சாதனங்களைப் பிரித்துவிட்டு, நியூட்ரல் வயர்களை அவை சேரும் உலோகப் பட்டையிலிருந்து (பார்) கழற்றி, ஒவ்வொன்றையும் எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரில் அளந்துபாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் கசிவு அங்கேதான்; அந்த எண்ணை அங்கிளையே படிக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிட மீட்டர் சொன்னால் நம்புவார்.

“எம்சிபி இருக்கே, போதாதா?” என்பவருக்கு ஒரு கணக்கு. வீட்டு ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழவேண்டும். 20 ஆம்பியர் எம்சிபிக்கு அந்தக் கசிவு தெரியவே தெரியாது. ஆளைத் தாக்கினாலும் அது பேசாமல் நிற்கும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தி விழுந்தால் எர்த்தும் சரி என்று சிலர் நினைப்பார்கள். இல்லை, பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கும்.

20 ஆம்பியருக்குப் பதில் 32 போட்டால் டிரிப் நிற்கும், உண்மைதான். ஆனால் சுவருக்குள் அதே 2.5 சதுர மி.மீ. வயர்தானே! ஏர்ஃபிரையர், அவன், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் 6 கிலோவாட் என்றால் சுமார் 26 ஆம்பியர். அது ஓட ஓட இன்சுலேஷன் வெந்துபோகும். வயர்தான் ஃபியூஸ் ஆகும். தனி சர்க்கியூட் இழுப்பதே வழி. அதற்கு முன் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியரா 40 ஆம்பியரா, மொத்தச் சுமையைத் தாங்குமா என்று பாருங்கள்.

சட்டம் கடைசியில். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளும் 2025 ஜூலை 1க்குள் ஆர்சிசிபி பொருத்தியிருக்க வேண்டும். வயரிங் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர்தான் செய்யலாம். இவ்வளவு சொல்லியும் கழற்றத்தான் வேண்டும் என்றால், மறுத்த காரணத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சோதித்த வேலைக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.