சோதனைத் தரவுக்கும் உரிமம் வேண்டுமா?

கேள்வி: நான் எழுதியுள்ள படச்செயலாக்க நிரலகத்தை டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்க்க விரும்புகிறேன். நிரல் முழுவதும் பிஎஸ்டி என்னும் கட்டற்ற உரிமத்தில் உள்ளது. சோதனைகள் ஓடும்போது மட்டும் ஒரு பல்கலைக்கழகத் தளத்திலிருந்து நாற்பது படங்கள் பதிவிறங்கும். படங்களைப் பொதிக்குள் (பயனர் நிறுவும் மென்பொருள் தொகுப்புக்குள்) வைக்காததால் உரிமச் சிக்கல் இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: பாதிதான் சரி. படங்களை நீங்கள் விநியோகிக்கவில்லை. ஆகவே விநியோக அனுமதி பற்றிய கேள்வி உங்களிடம் வராது. ஆனால் அந்தத் தளம் 'வணிகமல்லாத ஆய்வுக்கு மட்டும்' என்று நிபந்தனை விதித்திருந்தால், ஒரு நிறுவனத்தில் பணிபுரிபவர் உங்கள் சோதனையை ஓட்டும்போது, தாம் அறியாமலேயே அதை மீற நேரிடும். பயனரை இந்த நிலையில் நிறுத்துவது முறையல்ல என்பதே என் கருத்து. அந்தப் படங்களைப் பொதிக்குள்ளேயே வைத்துவிடலாம் என்றாலும் வழியில்லை: பயன்பாட்டுத் துறையைக் கட்டுப்படுத்தும் உரிமத்தை டெபியனின் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை.

நடைமுறைத் தடை இன்னும் உறுதியானது. டெபியனின் முதன்மைத் தொகுப்பிலுள்ள பொதிகள் மூல நிரலிலிருந்து உருவாக்கப்படும்போது வெளி இணையத்தை நாடக் கூடாது என்பது அதன் கொள்கை விதி; சோதனைகளும் பொதுவாக அப்போதே ஓடும். தளம் முகவரி மாறினாலோ, கோப்பு சத்தமின்றி மாற்றப்பட்டாலோ, நேற்று தேறிய சோதனை இன்று தோற்கும். பிழை நிரலில் இருக்கிறதா, தரவில் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

சைபை என்னும் பைத்தான் அறிவியல் நிரலகத்தின் அனுபவம் இங்கே பயன்படும். 1972-ஆம் ஆண்டு பிளேபாய் இதழிலிருந்து எடுக்கப்பட்ட, படச்செயலாக்கச் சோதனைகளில் உலகெங்கும் புழங்கிய 'லெனா' படத்தை அது நெடுங்காலம் உடன் வைத்திருந்து, உரிமக் காரணத்தால் 2016-இல் வெளியான 0.17 பதிப்பில் நீக்கியது. பின்னர், 2023-இன் 1.10 பதிப்பில், மாதிரித் தரவுகளைத் தனிப் பகுதியாக்கி, தேவைப்படும்போது மட்டும் 'பூச்' என்னும் கருவியின் வழியே பதிவிறக்கும்படி செய்தது. இறங்கிய கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை, அக்கருவி சரிபார்க்கும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது, படங்களை நிரலாலேயே உருவாக்குங்கள் என்பதுதான். விளிம்பு கண்டறிதலையோ சுழற்றலையோ சோதிக்க 64×64 படப்புள்ளி அளவுள்ள ஒரு கட்டப்படம் பெரும்பாலும் போதும். உண்மையான ஒளிப்படம் வேண்டுமென்றால், நீங்களே எடுத்த இரண்டு மூன்றை உரிமைகளை விட்டுக்கொடுக்கும் சிசி0 அறிவிப்புடன் பொதியில் வையுங்கள். பதிவிறக்கம் தவிர்க்கவே முடியாத சோதனைகளை உருவாக்கத்திலிருந்து பிரித்து, இணையம் தேவை என்று குறித்து, இணைப்பில்லாதபோது தோற்காமல் தாண்டிச் செல்லும்படி எழுதுங்கள்.

கேள்வி: தளத்தில் உரிமம் எதுவுமே எழுதப்படவில்லை என்றால்?

பதில்: அனுமதி தரப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். அவர் உரிமத்தைக் குறிப்பிட்டு அனுப்பும் பதிலைப் பொதியின் காப்புரிமைக் கோப்பிலேயே சேர்த்துவையுங்கள்.